நின்ற வண்டிகளின் வரலாறு: பிரிட்டனின் ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்களும் பெருந்தொற்றும்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் திரைப்பட நாயகனோ பெருஞ்செல்வரின் மகனோ ஓட்டிவரும் பல கோடி ரூபாய் இத்தாலிய வண்டியே தமிழ் வாசகரின் நினைவுக்கு வருமென்றாலும், அந்த வண்டிக்கென ஒரு பண்பாட்டையே வளர்த்தெடுத்த பிரிட்டனில் அது பெரும்பாலும் நடுத்தர வருவாய்க்காரரின் வண்டியாகவே பரவியது. ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையத்தை நிர்வகித்த செசில் கிம்பர், 1920-களில் மோரிஸ் நிறுவனத்தின் சாதாரணக் குடும்பக் காருடைய எஞ்சினையும் சேசிஸையும் எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய, எடை குறைந்த பாடியைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். நிலையத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துகளே எம்.ஜி. என்ற அடையாளமாயின. 1929-இல் விற்பனைக்கு வந்த எம்.ஜி. மிட்ஜெட்டின் விலை 175 பவுண்டு என்பதால், அலுவலக எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் இளம் விமானப்படை அதிகாரியும் அதை வாங்க முடிந்தது. 1930-இல் எம்.ஜி. கார் கிளப்பும், 1934-இல் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோருக்கான விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பும் தோன்றின. பின்னது அவ்வளவாகப் பணமில்லாதவர்களை மனத்தில் வைத்தே தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கொரோனா பெருந்தொற்று 2020-இல் இந்த ஆர்வலர்களை வீட்டுக்குள் அடைத்தபோது அவர்கள் நடந்துகொண்ட விதத்தை, அவர்களுடைய கிளப்புகளின் முந்தைய வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் சரியாக விளங்கிக்கொள்ள முடியும். வேகத்தின் பெயரால் அறியப்படும் இந்தப் பொழுதுபோக்கின் அடித்தளம், வண்டி ஓடாமல் நின்ற காலங்களில்தான் பெரிதும் இடப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரிலேயே பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு, அதாவது கூப்பன் கொடுத்து மட்டும் வாங்கக்கூடிய ரேஷன் முறை, நடைமுறைக்கு வந்தது. 1942 ஜூலையில் தனிமனிதரின் சொந்தப் பயன்பாட்டுக்கான அடிப்படை ஒதுக்கீடும் நீக்கப்பட்டுவிட்டதால், மருத்துவர், போர்த்தொழில் ஊழியர் போன்ற இன்றியமையாத பணியினரைத் தவிர மற்றவர்களின் கார்கள் முடங்கின. ஒரு காரை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பதற்கென ஒரு முறை அப்போது உருவாயிற்று. டயர்களின் மேல் பாரம் இறங்காதபடி அச்சுகளுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ அடுக்கி வண்டியைத் தூக்கி வைப்பார்கள். குளிரில் நீர் உறைந்து எஞ்சின் வெடித்துவிடாமலிருக்க ரேடியேட்டரை வடித்துவிடுவார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளின் வழியாகச் சிறிது எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டு, கைப்பிடியால் எஞ்சினை ஓரிரு சுற்றுச் சுற்றி, பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்வார்கள். இவற்றோடு, ஜெர்மானியப் படை வந்திறங்கினால் வண்டிகளைக் கைப்பற்றி ஓட்டிச்சென்றுவிடக் கூடாதென்று, ஆளில்லாமல் நிற்கும் கார்களை இயங்காதபடி செய்துவைக்க வேண்டும் என்ற விதியும் 1940-இல் வந்தது. எஞ்சினுக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் ரோட்டர் என்ற விரல் நீளத் துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அதற்கு எளிய வழியாக இருந்தது.

வண்டிகள் நின்றபோதும் அவற்றைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. பில் பாடி என்பவர் ஆசிரியராக இருந்த மோட்டார் ஸ்போர்ட் இதழ், பந்தயமே இல்லாத அந்த ஆண்டுகளில், தாங்கள் வைத்திருந்த கார்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய நினைவுக் கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டுப் பக்கங்களை நிரப்பியது. போர் தொடங்கிய அதே 1939-இல் தோன்றிய 750 கிளப், ஆஸ்டின் செவன் என்ற மலிவான சிறு காரைச் சொந்தக் கையால் பிரித்துத் திருத்தி ஓட்டுவோரின் கூட்டமாகப் போர்க்காலம் முழுவதும் பிழைத்துக் கிடந்தது. இதழில் எழுதுவதும், கொட்டகையில் பிரித்து மாட்டுவதும், மாதம் ஒருமுறை கூடிப் பேசுவதும் ஓட்டுவதற்கு ஈடான தகுதியைப் பெற்றது இந்தக் கட்டாய ஓய்வில்தான் என்று கொள்வது பொருந்தும்.

போர் முடிந்த பிறகும் பங்கீடு 1950 மே வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு 1905-க்கு முந்தைய கார்கள் ஆண்டுதோறும் ஊர்வலமாகச் செல்லும் ஓட்டம், 1947-இல் பெட்ரோல் தட்டுப்பாட்டால் நடைபெறவில்லை. மறுபுறம், போருக்காக அவசரமாகப் போடப்பட்ட விமானத் தளங்கள் பயனற்றுக் கிடந்ததால், அவற்றின் சுற்றுச்சாலைகளே பந்தயத் தடங்களாயின. குட்வுட், சில்வர்ஸ்டன் இரண்டிலும் 1948-இல் பந்தயம் தொடங்கியது. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில் போர்க்கால ஓடுபாதையின்மேல் பல்லாண்டுகள் நடந்த கார் பந்தயங்களும் இதே வகை மிச்சத்தின் பயன்தான். 750 கிளப்பின் வட்டத்தில் ஆஸ்டின் செவனைத் திருத்திப் பழகிய காலின் சாப்மன் 1957-இல் வெளியிட்ட லோட்டஸ் செவன், அந்நாளைய கொள்முதல் வரியைத் தவிர்ப்பதற்காக, பெட்டிகளில் அடைத்த உதிரிப் பாகங்களாகவே விற்கப்பட்டது. முழுக் காருக்கு வரி உண்டு, பாகங்களுக்குக் கிடையாது. ஆனால் பாகங்களோடு பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு இருந்தால் வரி விலக்கு போய்விடும். ஆகவே பிரிக்கும் முறையை விளக்கும் கையேடு ஒன்று தரப்பட்டதாகவும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்துக் காரைப் பூட்டியதாகவும் ஆர்வலர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். 1973-இல் அந்த வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தபின் இந்தச் சலுகை மறைந்ததென்றாலும், அதே ஆண்டு செவனின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் பெட்டிகளில் விற்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை.

1956 இறுதியில் சூயஸ் கால்வாய் நெருக்கடி, 1973-இல் எண்ணெய் நெருக்கடி, 2001-இல் கால்நடைகளைத் தாக்கிய கோமாரி நோயால் கிராமப்புறச் சாலைகளில் நின்றுபோன ராலிகள் என்று தடைகள் அவ்வப்போது வந்துபோயின. 2020 மார்ச் 23 இரவு பிரதமர் போரிஸ் ஜான்சன் அறிவித்த ஊரடங்கு அந்த வரிசையில் அடுத்ததென்றாலும், சூழல் தலைகீழாக இருந்தது. போர்க்காலத்தில் சாலைகள் திறந்தே கிடந்தன, பெட்ரோல்தான் இல்லை. இப்போதோ உலகச் சந்தையில் எண்ணெய் தேங்கிப்போய், அமெரிக்கக் கச்சா எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை ஏப்ரல் 20 அன்று சுழியத்துக்கும் கீழே இறங்கியது. பிரிட்டனின் பெட்ரோல் பங்குகளில் விலை நான்காண்டுகளில் காணாத அளவுக்குக் குறைந்தது. சாலைப் போக்குவரத்து 73 சதவீதம் வீழ்ந்து, 1955-இல் இருந்த அளவுக்குச் சென்றுவிட்டதாக அப்போது கணக்கிடப்பட்டது. எம்.ஜி.க்களும் டிரையம்ஃப்களும் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த அந்தப் பொற்காலத்தின் காலிச் சாலைகள் திரும்பி வந்திருந்தன. அவற்றில் ஓட்ட அனுமதி மட்டும் இல்லை. அந்த ஏப்ரலில் நாடு முழுவதும் பதிவான புதிய கார்கள் 4,321 மட்டுமே. 1946 பிப்ரவரிக்குப் பிறகு எந்த மாதத்திலும் அவ்வளவு குறைவாகப் பதிவானதில்லை.

தகுந்த காரணமின்றி வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்றது சட்டம். உணவு வாங்குதல், மருந்து, பணி, உடற்பயிற்சி ஆகியவை தகுந்த காரணங்கள். காரில் கிராமப்புறத்துக்குச் சென்று நடப்பது சரியா என்ற ஐயம் எழுந்தபோது, ஓட்டும் நேரத்தைவிட நடக்கும் நேரம் மிகுதியாக இருந்தால் ஏற்கலாம் என்று காவல்துறைக்கான வழிகாட்டுதல் விளக்கியது. ஓட்டுவதற்காகவே ஓட்டும் ஒரு கூட்டத்தைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் அவர்களுடைய முழு வாழ்க்கைமுறையையும் ஒரே வரியில் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. ஆயினும் பெரும்பாலான கிளப்புகள் முறையிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டு ஓட்டங்களையும் கண்காட்சிகளையும் தாங்களே முன்வந்து நிறுத்தின. உறுப்பினர்களில் கணிசமானோர் அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள் என்பதும், நோய் முதலில் குறிவைத்தது அந்த வயதினரையே என்பதும் இதற்கு ஒரு காரணம்.

நிறுத்திய கார் அப்படியே இருந்துவிடுவதில்லை. சில வாரங்களில் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் பேட்டரியை மெல்லக் குடித்துவிட, சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. ஒரே இடத்தில் நிற்கும் டயர், தரையைத் தொடும் பகுதியில் தட்டையாகி, பின்னர் ஓடும்போது அதிரும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிகுந்த கொட்டகையில் கிளட்ச் தட்டும் அப்படியே பற்றிக்கொள்ளும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே குழாய்களை அரிக்கத் தொடங்கும். பெட்ரோலின் ஆவியாகும் பகுதி வெளியேறிவிட, எஞ்சுவது கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாகப் படியும். எனவே ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, டயரில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று அடைப்பது, சிறு மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தும் சார்ஜரைப் பேட்டரியில் மாட்டிவைப்பது என்ற அறிவுரைகள் அந்த வசந்த காலத்தில் கிளப் இதழ்கள்தோறும் மறுபடியும் அச்சாயின. பலர் செய்யத் துடிக்கும் ஒன்றைச் செய்யாதீர்கள் என்றும் அவை எச்சரித்தன: வாரம் ஒருமுறை எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், அது முழுச் சூட்டை எட்டுவதற்குள் நின்றுவிடும், எரிதலில் பிறக்கும் நீர் ஆவியாகாமல் சைலன்சரிலும் எஞ்சின் எண்ணெயிலும் தங்கி, உள்ளேயே துருவை வளர்க்கும். அரைமணி நேரம் நன்றாக ஓட்ட முடியாவிட்டால் தொடாமலே விட்டுவிடுவது நல்லது என்ற இந்த அறிவுரை, எஞ்சின் ஓசையைக் கேட்காமல் இருக்க முடியாத பலருக்கு ஊரடங்கைவிடக் கடினமாக இருந்திருக்க வேண்டும்.

அரசு சில நெருக்கடிகளைத் தளர்த்தியது. தமிழ்நாட்டின் எஃப்.சி.க்கு இணையான, எம்.ஓ.டி. என்று வழங்கும் ஆண்டுத் தகுதிச் சோதனை 2020 மார்ச் 30 முதல் காலாவதியாகும் கார்களுக்கு அதை ஆறு மாதம் நீட்டித்து, ஆகஸ்ட் 1 முதல் மீண்டும் கட்டாயமாக்கினார்கள். நாற்பதாண்டைக் கடந்த கார்களுக்குச் சாலை வரியும் பெரும்பாலும் இந்தச் சோதனையும் ஏற்கெனவே இல்லை. அதைவிடப் புதிய கார் வைத்திருந்தவர்கள் வண்டியைச் சாலையிலிருந்து விலக்கியதாகப் பதிவுசெய்து வரியை நிறுத்திக்கொள்ளலாம்; அப்படிப் பதிவான காரைத் தன் வீட்டு வளாகத்தைத் தாண்டித் தெருவில் நிறுத்திவைக்கக் கூடாது என்பதால், தெருவில் நிறுத்தும் நகரவாசிகளுக்கு அந்த வழி பயன்படவில்லை.

கொட்டகையுள்ளவர்களுக்கோ இந்த மாதங்கள் ஒருவகையில் வரமாயின. பல ஆண்டுகளாக ஜாக்கியின்மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டிகள் பிரிக்கப்பட்டன. பாகங்கள் கூரியரில் வீடு தேடி வந்தன. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் பாகங்களில் பெரும்பாலானவை இன்றும் புதிதாகத் தயாரிக்கப்பட்டு விற்கப்படுகின்றன என்பது இங்கே கைகொடுத்தது, எம்.ஜி.பி. என்ற பழைய எம்.ஜி. காரின் உடற்கூட்டையே புதிதாக வாங்கிவிடலாம். பிரிக்கத் தெரியாத, அல்லது பிரிக்க இடமில்லாத புதுத் தலைமுறை ஆர்வலரோ இந்தக் காலத்தை மிகக் கடினமாகவே கடந்தார். அவருடைய கார் கணினியால் இயங்குவது, பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். ஸ்போர்ட்ஸ் காரை விரும்புவோர் என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் இரு கூட்டத்தாருக்கு இடையிலான பிளவை ஊரடங்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது எனலாம்.

கிளப்புகளின் உயிர்நாடி, உள்ளூர் மதுக்கூடமான பப்பில் மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டம். 'நாகின் அண்ட் நேட்டர்' என்று பெயர் பெற்ற இந்தக் கூட்டத்தில் ஒரு கோப்பை பீரும் ஓயாத பேச்சும் தவிர நிகழ்ச்சிநிரல் ஏதும் இராது. பப்புகள் மார்ச் 20 அன்றே மூடப்பட்டுவிட்டதால் பேச்சு ஜூம் திரைக்கு இடம்பெயர்ந்தது. கேமராவைக் கையில் பிடித்தபடி தத்தம் கொட்டகையைச் சுற்றிக் காட்டுவது அந்தக் கூட்டங்களில் வழக்கமாயிற்று. போர்க்கால இதழில் வாசகர்கள் எழுதிய கட்டுரைத் தொடரின் வழித்தோன்றல் அது.

எல்லோரும் இப்படி நடந்துகொள்ளவில்லை. லண்டன் பெருநகரக் காவல்துறை, மணிக்கு 70 மைல் உச்ச வரம்புள்ள எம்1 நெடுஞ்சாலையில் 163 மைல் வேகத்தில், அதாவது சுமார் 262 கிலோமீட்டர் வேகத்தில், சென்ற ஒரு காரை ஊரடங்குக் காலத்தில் பதிவு செய்தது. அமெரிக்காவில், நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியக் கடற்கரை வரை சட்டத்துக்குப் புறம்பாக விரையும் 'கேனன்பால்' ஓட்டத்தில் 2019 நவம்பரில் 27 மணி 25 நிமிடமாக இருந்த சாதனை, சாலைகள் காலியான 2020 வசந்தத்தில் அடுத்தடுத்து முறியடிக்கப்பட்டு 25 மணி 39 நிமிடத்துக்கு இறங்கியது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த வாரங்களில் இன்னொரு விபத்துக்கு வாய்ப்பளிக்கும் இச்செயலை ஆர்வலர்களிலேயே பலர் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது. காலிச் சாலையில் எட்டிய வேகம் ஓட்டுநரின் திறமையைவிடச் சாலையின் வெறுமைக்கே சான்று.

தொழிற்சாலைகளின் பக்கம் நடந்தது வேறு கதை. இத்தாலியில் நோய் முதலில் பற்றிய பகுதிக்கு அருகிலேயே அந்நாட்டின் வேகக் கார்களின் தாயகமும் இருக்கிறது. ஃபெராரி மார்ச் 14 அன்று மரனெல்லோ ஆலையை நிறுத்தியது. அங்கே பின்னர் சுவாசக் கருவிகளுக்கான வால்வுகள் தயாரிக்கப்பட்டன. சான்ட் அகட்டாவில் லம்போர்கினியின் இருக்கைத் தோலைத் தைக்கும் பிரிவினர், அதே தையல் மேசைகளில் நாளொன்றுக்கு 1,000 முகக்கவசங்களைத் தைத்துப் பொலோனியாவின் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தின் பிரிக்ஸ்வொர்த்தில் மெர்சிடிஸின் ஃபார்முலா ஒன் எஞ்சின் ஆலை, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியோடு சேர்ந்து, சிபாப் என்ற மூச்சுதவிக் கருவியை, அதாவது குழாய் செருகாமலே முகமூடி வழியாக அழுத்தத்தோடு ஆக்சிஜன் செலுத்தும் கருவியை, முதல் கூட்டம் நடந்த 100 மணி நேரத்துக்குள் உருவாக்கியது. பழைய கருவியொன்றைப் பிரித்துப் பார்த்து அதை மேம்படுத்துவதே அவர்கள் கையாண்ட வழி. கொட்டகை மெக்கானிக்கின் வழியும் அதுதான். வழக்கமாகப் பிஸ்டனும் டர்போவும் கடைந்த நாற்பது இயந்திரங்கள், நாளுக்கு 1,000 வரை என்ற கணக்கில் 10,000 கருவிகளைச் செய்து தந்தன.

பார்வையாளரின் வாழ்வும் மாறியது. பிரான்சில் லெ மான் நகரில் ஜூன் மாதம் இரவும் பகலும் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டரை லட்சம் பேர் கூடுவார்கள். அவர்களில் பல்லாயிரவர் தத்தம் ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து செல்லும் பிரிட்டிஷார். அவர்களுக்கு அந்தப் பயணமே பாதிப் பந்தயம். 2020-இல் ஜூன் 13, 14 தேதிகளில் தடத்துக்குப் பதிலாகக் கணினித் திரையில் 50 கார்களும் 200 ஓட்டுநர்களும் பங்கேற்ற மெய்நிகர் பந்தயம் நடந்தது; ஃபெர்னாண்டோ அலான்சோ போன்ற முன்னாள் உலக வாகையர் வீட்டு அறையில் அமர்ந்து ஸ்டீரிங்கைத் திருப்பினார்கள். உண்மைப் பந்தயம் பார்வையாளர் இல்லாமல் செப்டம்பர் 19, 20 தேதிகளில் நடந்தது. மாணவர், தொழிலாளர் எழுச்சியால் 1968-இல் செப்டம்பருக்குத் தள்ளிப்போன பிறகு லெ மான் தன் ஜூன் மாதத்தைத் தவறவிட்டது அப்போதுதான். கோடைவிழாக்கள் ரத்தான குட்வுட்டிலும் அக்டோபரில் மூன்று நாள் பந்தயம் ஆளில்லாத் தடத்தில் நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது. தொற்றின் கடும்பிடியில் சிக்கிய பிரெசியா நகரிலிருந்து மே மாதத்தில் புறப்பட வேண்டிய பழங்கார் ஓட்டமான மில்லே மில்லியா அக்டோபருக்குப் போனது. லண்டன்–பிரைட்டன் ஓட்டம் 1947-க்குப் பிறகு முதல்முறையாக நடைபெறவில்லை.

தளர்வுகள் ஒரே சீராக வரவில்லை. இங்கிலாந்தில் மே 13 முதல் எவ்வளவு தொலைவும் ஓட்டிச் சென்று திறந்தவெளியை அனுபவிக்கலாம் என்றானபோது, வேல்ஸ் அரசு ஜூலை 6 வரை ஏறத்தாழ ஐந்து மைலுக்குள் இருக்கச் சொன்னது. பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் தலைமுறைகளாகப் போற்றிவரும் வளைந்து நெளிந்த மலைச்சாலைகளில் பல வேல்ஸில் இருக்கின்றன. எல்லையைக் கடந்து அவற்றை நாடிய கார்களை வேல்ஸ் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். பழைய கார்களின் விற்பனை இதற்குள் இணைய ஏலத்துக்குத் தாவியிருந்தது. நேரில் தொட்டுப் பார்க்காத ஒரு ஃபெராரி என்ஸோவுக்கு மே மாதத்தில் ஒருவர் 26.4 லட்சம் டாலர் கொடுத்தார். நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் மீண்டும் ஊரடங்கு வந்தபோது சார்ஜர்களும் சக்கரக் கட்டைகளும் மறுபடி வெளியே வந்தன, ஆனால் கிளப் இதழ்களில் முதல்முறை இருந்த பதற்றம் இல்லை.

குட்வுட்டின் கோடைவிழா 2021 ஜூலையில் அரசின் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் பெருங்கூட்டத்தோடு நடந்தது. லண்டன்–பிரைட்டன் ஓட்டம், 1896-இன் முதல் ஓட்டத்துக்கு 125 ஆண்டு நிறைந்த அந்த நவம்பரில் திரும்பி வந்தது. இவற்றுக்கு இடையே, செப்டம்பர் 1 முதல், பெட்ரோல் பங்குகளில் வழக்கமான எரிபொருளாக 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களையும் டாங்கின் உட்புறத்தையும் அரிக்கும். வண்டி நெடுநாள் நின்றால் பாதிப்பு இன்னும் விரைவாகும். விலை கூடிய இ5 வகை பழைய வண்டிகளுக்கென விற்பனையில் தொடர்ந்ததென்றாலும், ஊரடங்கு முழுவதும் கட்டையின்மேல் காத்துக்கிடந்து அப்போதுதான் சாலைக்குத் திரும்பிய எம்.ஜி.க்களிலும் செவன்களிலும் பல தங்கள் குழாய்களை மாற்றிக்கொள்ள மீண்டும் கொட்டகைக்குள் போக வேண்டியதாயிற்று.